பேராதனையில் கூத்தாடிய காலம்

நாவலப்பிட்டியைத் தொட்டு வரும் மகாவலி, கம்பளையைக் கடந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடே ஓடுகிறது. 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்த ரயில் பாதையும் அதே திசையில்தான் போகிறது. நாவலப்பிட்டியில் ஏறுபவர் பேராதனைச் சந்தியைத் தாண்டி சரசவி உயன நிலையத்தில் இறங்கினால், விரிவுரைக்கு நடந்தே போய்விடலாம்.

1952இல் கொழும்பிலிருந்து பேராதனைக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகத்தை, மாணவர் தங்கிப் படிக்கும் வளாகமாகவே துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் வளர்த்தார். இராமநாதன், அருணாசலம் பெயர்களில் விடுதிகள் எழுந்தன. ஆனால் அந்த வாழ்வுக்கு உயிர் கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுமொழியில் நாடகங்கள் எழுதி மாணவர்களை நடிக்க வைத்தார்.

அவருடைய மாணவர் சு. வித்தியானந்தன் இன்னும் ஒரு படி மேலே போனார். மட்டக்களப்புக் கிராமங்களில் விடிய விடிய ஆடப்படும் கூத்தைச் சுருக்கி, மேடைக்கு ஏற்றபடி செப்பனிட்டு, பல்கலைக்கழக மாணவர்களையே ஆடவைத்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலிவதை’. மத்தளத்துக்குக் காலடி பிசகாமல் ஆடவேண்டும். ஆடிக்கொண்டே பாடவும் வேண்டும். அந்த நேரத்தில் பரீட்சையை நினைக்க யாருக்கு மூச்சு இருக்கும்?

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி வற்றிப்போதல், செய்யும் வேலையில் வெறுப்பு, எதையும் சாதிக்கவில்லை என்ற உணர்வு. ஆய்வு மாணவரின் தனிமையில் இம்மூன்றும் எளிதில் வேர்விடும். பலரோடு சேர்ந்து, உடலை வருத்தி, ஒரு குறித்த நாளில் முடித்துக் காட்டும் கலை அதற்கு நல்ல மாற்று. ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தம் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கு ஆட்டமும் ஆய்வும் ஒன்றுக்கொன்று ஊட்டம் தந்தன.

நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களுடைய பெற்றோரின் குடியுரிமையைப் பறித்திருந்தது. தோட்டப் பாடசாலையோ ஆரம்ப வகுப்புகளைத் தாண்டுவது அரிது. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் பட்டப்பின்படிப்புக்கு வருகிறார்கள். பலர் பாடசாலையில் கற்பித்துக்கொண்டே வார இறுதியில் படிக்கிறார்கள்; விடுதி வாழ்க்கை அவர்களுக்கு இல்லை. வகுப்பு, ரயில், வீட்டில் திருத்தக் காத்திருக்கும் கொப்பிகள். சோர்வு முதலில் பிடிப்பது இவர்களைத்தான்.

இவர்களுக்கு ஆலோசனைக் கையேடு மட்டும் போதாது. தமிழ்த்துறைகளும் மாணவர் சங்கங்களும் கூத்து ஒத்திகையை இவர்கள் வளாகத்துக்கு வரும் சனிக்கிழமைக்கு மாற்றி வைக்கவேண்டும்.