புலவரா, ஊழியரா? – மயிலாடி தரும் விடை

தம் எழுத்தில் தம்மை எங்கே நிறுத்துவது என்னும் வினா திருமறை ஆசிரியர்களுக்கும் இருந்தது. லூக்கா தாம் ஆராய்ந்து ஒழுங்காக எழுதுவதை உரைக்கிறார், பெயரை உரைப்பதில்லை. பவுலின் சொற்களை வரைந்த தெர்தியுவோ, ரோமர் நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் தம் பெயர் கூறி வாழ்த்துகிறார்.

தமிழ்த் திருச்சபையிலும் இவ்வினா எழுந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தம் பாடல்களில் தம் பெயரை முத்திரையாகப் பதித்தார். இதைத் தற்பெருமை எனக் கொள்ளலாகாது. பாடியவர் தம் வாக்கிற்குத் தாமே பொறுப்பேற்கும் பழைய மரபு அது.

நாஞ்சில் நாட்டில் இதற்கு வேறொரு விடை பிறந்தது. 1806இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தார். 1809இல் அங்கு ஆலயம் எழுந்தது. 1818இல் மீட் ஐயர் நாகர்கோவிலில் பணி தொடங்கினார். அச்சகமும் அதைத் தொடர்ந்தது. இச்சூழலில் வளர்ந்தவர் மயிலாடி ஜான் பால்மர் (1812–1883). அவருடைய கீர்த்தனைகளைச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அவர் இயற்றிய காவியம் ‘கிறிஸ்தாயனம்’, 1865இல் வெளிவந்தது.

இப்பெயரை ஊன்றி நோக்குதல் தகும். ‘அயனம்’ என்பது வழி, பயணம் எனப் பொருள்படும். கேட்போர் நெஞ்சில் இராமாயணம் உடனே தோன்றும். ஆங்கிலப் பெயர் தாங்கிய ஒருவர், தம் ஆண்டவரின் சரிதத்தைத் தமிழர் அறிந்த காவிய மரபில் வைத்தார். திருமுழுக்குப் பெற்றதனால் தாம் தமிழ்ப் புலமைக்கு அந்நியராகிவிடவில்லை என்பதை நூற்பெயரே அறிவிக்கிறது. 1858இல் திருமுழுக்குப் பெற்ற பாளையங்கோட்டை கிருஷ்ண பிள்ளையும், பனியன் கதையைத் தழுவி 1894இல் ‘இரட்சணிய யாத்திரிகம்’ வெளியிட்டபோது இவ்வழியே நடந்தார்.

ஆயினும் பால்மரின் கீர்த்தனை மற்றொன்றையும் கற்பிக்கிறது. காவியத்தில் புலவர் தம் குரலிலேயே பேசுகிறார். கீர்த்தனையிலோ ‘நான்’ என்னும் சொல் பாடுவோர் அனைவருடையதாகிவிடுகிறது. கைம்பெண் பாடினால் அது அவள் விண்ணப்பம். குற்றமுணர்ந்தவன் பாடினால் அது அவன் அறிக்கை. புலவர் தம் ‘நான்’ என்பதைச் சபைக்குக் கொடுத்துவிடுகிறார். புலமையைத் துறவாமலே அவர் ஊழியராகிறார்.

இன்று வாரந்தோறும் அருளுரை எழுதும் நம்மில் பலர், ‘நான் எழுத்தாளன் அல்லன், ஊழியன்’ என்கிறோம். இது தாழ்மையாகத் தோன்றினும், பல வேளைகளில் மொழியைப் பேணாமைக்குச் சாக்காகிறது. எழுதுகிறவர் தம்மை எழுத்தாளரென ஒப்புக்கொண்டாலன்றித் தம் சொல்லுக்குக் கணக்கொப்புவிக்க முன்வரார். பெயரைப் பதிப்பதோ மறைப்பதோ அவரவர் விருப்பம். சொல்லைச் செம்மை செய்து சபையின் நாவில் வைப்பது நம் கடமை.