சுருட்டு மேசையில் ஒரு நாவல்

நாவல் வாசிப்புக் குழு என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? ஒரு மொட்டை மாடி, பத்துப் பேர், டீ, பாதிப் புத்தகம் மட்டும் படிச்சிட்டு வந்து முழுசாப் பேசுற ஒருத்தர். (அந்த ஒருத்தர் இல்லாத குழுவே கிடையாது.) ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விக்டர் ஹ்யூகோவைப் பற்றிப் பேசிய குழுக்கள் இருந்திருக்கின்றன. அவை கூடிய இடம் சுருட்டுத் தொழிற்சாலை.

1865 டிசம்பரில் ஹவானாவின் எல் ஃபிகாரோ தொழிற்சாலையில் இது தொடங்கியது. சுருட்டு சுற்றுவது கையும் கண்ணும் செய்கிற வேலை. காது சும்மா இருக்கும். தொழிலாளர்கள் தங்களில் ஒருவரை வாசிக்க உட்கார வைத்தார்கள். அவருக்குப் போகும் கூலியை மற்றவர்கள் தங்கள் கையிலிருந்து ஈடுகட்டினார்கள். சில மாதம்தான். 1866-இல் ஸ்பானியக் காலனி அரசு தடை போட்டது. புத்தகமும் செய்தித்தாளும் வாசிக்கக் கூடாது என்பதோடு நிற்கவில்லை, வேலைக்குச் சம்பந்தமில்லாத விவாதமும் கூடாதாம். எதைக் கண்டு பயந்தார்கள் என்பது அந்த இரண்டாவது பாதியிலேயே தெரிகிறது.

பழக்கம் சாகவில்லை. கியூபாவிலிருந்து கிளம்பிய தொழிலாளர்களோடு அது கடல் தாண்டி ஃப்ளோரிடாவுக்குப் போனது. டாம்பா நகரத்தின் ஈபோர் சிட்டியில் வாசிப்பாளருக்கென்று உயரமான மேடையே கட்டினார்கள். மைக் கிடையாது, நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் கடைசி வரிசைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். காலையில் செய்தித்தாள், மதியம் நாவல். டான் கிஹோத்தே, ஹ்யூகோ, ஸோலா, டூமா. அடுத்த நாவல் எது என்பதற்கு ஓட்டெடுப்பு. பிடித்த இடம் வந்தால் புகையிலை வெட்டும் கத்தியை மேசையில் தட்டுவார்கள். நாலு பக்கம் கேட்டுவிட்டு மறுநாள் வரை காத்திருக்கிற அந்த அவஸ்தையை, தொடர்கதை படித்து வளர்ந்த வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 1935-இல் ஹவானாவில் வந்த மாண்டெகிரிஸ்டோ சுருட்டுக்குக்கூட டூமாவின் நாவலிலிருந்துதான் பெயர்.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. கண்ணூர்ப் பக்கத்து பீடிக் கூடங்களில் ஒருவர் சத்தமாக வாசிப்பார். அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கணக்குதான். டாம்பாவிலும் வாசிப்பாளருக்கு முதலாளி கொடுத்தது ஒன்றுமில்லை. வாரா வாரம் தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். காசு அவர்களுடையது, அதனால் தேர்வும் அவர்களுடையது. 1891-இல் ஹொசே மார்த்தி டாம்பாவுக்கு வந்து கியூப விடுதலை பற்றிப் பேசியபோது, எதிரே இருந்தவர்களில் பலர் பல வருடமாகக் கேட்டும் வாதாடியும் பழகிய சுருட்டுத் தொழிலாளிகள்.

1931-இல் டாம்பா முதலாளிகள் வாசிப்பை நிறுத்தினார்கள். மேடையில் தீவிரவாதம் வாசிக்கப்படுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். திரும்பி வந்தபோது மேடைகள் இல்லை. பிறகு வந்தது ரேடியோ. காசு போட வேண்டாம், ஓட்டும் போட வேண்டாம்.

வேலை போன வாசிப்பாளர்கள் என்ன ஆனார்கள்? எல்லோர் கதையும் நமக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் முன்னாலேயே வேறு வழி பார்த்திருந்தார். வாசிப்பாளராக இருந்த விக்டோரியானோ மான்டேகா 1922-லேயே லா கசேத்தா என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பிறகும் அவர் குடும்பம் அதை டாம்பாவில் நடத்தியது: ஆங்கிலம், ஸ்பானிஷ், இத்தாலியன் என மூன்று மொழிகளில்.