கப்பல் தேதியும் மேட்ச் தேதியும்

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கத்து வீடுகளில் பயணம் என்று பேச்செடுத்தால், "எங்கே?" என்ற கேள்விக்கு முன்னால் "என்றைக்கு?" என்ற கேள்விதான் வரும். காரணம் ரங்கநாதர் கோயில். வைகுண்ட ஏகாதசிக்கு முன்னால் பகல் பத்து, பிறகு இராப் பத்து. நடுவில் சொர்க்கவாசல் திறக்கும் அந்த ஒரு விடியற்காலை. அந்த ஒரு நாளை வைத்துத்தான் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் உறவினர்கள் ரயில் டிக்கெட் எடுப்பார்கள், லீவு சொல்வார்கள், ஸ்ரீரங்கத்து வீடுகளில் பாய் தலையணை தயாராகும்.

அந்த நாள்கூட எல்லா வருஷமும் எல்லா ஊரிலும் ஒன்றாக வராது. 2021ல் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 14 அன்றே, கார்த்திகை மாதத்தில், நடந்தது. மற்ற பெருமாள் கோயில்களில் 2022 ஜனவரி 13 அன்று! 19 வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வரும். பொதுக் காலண்டரைப் பார்த்து டிக்கெட் எடுத்தவர்கள் ஒரு மாதம் கழித்துத்தான் வந்து சேர்ந்திருப்பார்கள்.

இப்படி ஒரே நாளை நடுவில் வைத்துக் குடும்பப் பயணத்தைத் திட்டமிட்டுப் பழகிய ஊருக்கு, ஒரு கால்பந்து மேட்ச்சை நடுவில் வைத்து வெளிநாடு போவது பெரிய வித்தை இல்லை. ஆனால் அந்தப் பயணத்தில் யார் போகிறார்கள், யார் வீட்டில் நிற்கிறார்கள் என்று கேட்டால் அதற்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கிறது. அதைப் பார்ப்போம்.

திருச்சியிலிருந்து மிக எளிதாகப் போய்ப் பார்க்கக்கூடிய வெளிநாட்டுக் கால்பந்து எது? இங்கிலாந்தோ ஸ்பெயினோ அல்ல, மலேசியாவும் சிங்கப்பூரும்தான். அந்த வழி விமானம் வருவதற்கு வெகு காலம் முன்பே திறந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி வரை ரயில் பாதை 1862ல் வந்து சேர்ந்தது. திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களில் கங்காணிகள் ஆள் திரட்ட, நாகப்பட்டினத்தில் முகாம் போட்டு, அங்கிருந்து கப்பலில் பினாங்குக்கு அனுப்பினார்கள். ரப்பர் தோட்டங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் போனவர்கள் இவர்கள். 1938ல் இந்திய அரசு இப்படிக் கூலி வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. ஆனால் அதற்குள் அக்கரையில் ஒரு தமிழ் உலகமே உருவாகிவிட்டது.

அந்தக் கடல் வழியில் பேர் போன கப்பல் 'ரஜுலா'. 1926ல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று ஏறத்தாழ ஒரு வாரப் பயணம். பெரும்பாலோர் டெக் பயணிகள். பாயை விரித்த இடம்தான் அவர்கள் இடம். அக்கரை சேர்ந்த பிறகும் உடனே ஊருக்குள் போய்விட முடியாது. தொற்று நோய் பயத்தால் பினாங்கு பக்கம் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் பயணிகளைத் தனிமை முகாமில் வைப்பது அந்தக் காலத்து வழக்கம். 1970களில் ரஜுலா ஓய்ந்த பிறகு 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் நடந்த தீ விபத்தோடு அந்தக் கப்பலின் கதையும் முடிந்தது.

சரி, கால்பந்துக்கு வருவோம்.

1921ல் 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற போர்க்கப்பல் மலாயாவுக்கு வந்தது. மலாய் மாநிலங்கள் பணம் கொடுத்து பிரிட்டனுக்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. வந்தவர்கள் நினைவுப் பரிசாகக் கொடுத்த கோப்பைதான் மலாயா கோப்பை. முதல் வருஷம் சிங்கப்பூர் ஜெயித்தது. 1967ல் அது மலேசியக் கோப்பை என்று பெயர் மாறியது. ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டிகளில் இதுவும் ஒன்று. ஆக, நம் ஊரிலிருந்து போனவர்கள் இறங்கிய மண், கால்பந்து வெறி பிடித்த மண். தோட்டத்திலும் ரயில்வே குடியிருப்பிலும் பிறந்த பிள்ளைகளும் பந்தை உதைத்தார்கள்.

அதன் பலன் அடுத்த தலைமுறையில் தெரிந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் விளையாடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். அங்கே அந்த அணி அமெரிக்காவை 3-0 என்று வென்றது. கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்தை ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்றே கூப்பிட்டார்கள். சிங்கப்பூரில் எஸ். ராஜகோபால், பின்னால் வி. சுந்தரமூர்த்தி. இந்தப் பெயர்களை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளர்ந்த எந்தத் தமிழரிடம் சொன்னாலும் முகம் மலரும். திருச்சியில் சொன்னால் "யார் அது?" என்பார்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள், ஆனால் பாதி நினைவுகள் இந்தப் பக்கம் வந்து சேரவே இல்லை!

இன்னொன்றையும் பாருங்கள். 1957 ஆகஸ்ட் 31 அன்று மலாயாவின் சுதந்திரம் அறிவிக்கப்பட்டது கோலாலம்பூர் மெர்டேக்கா மைதானத்தில். அதே வருஷம் அங்கே மெர்டேக்கா கால்பந்துப் போட்டி தொடங்கியது. அதில் இந்தியா 1959லும் 1964லும் இரண்டாம் இடம் பிடித்தது. தாத்தா ஊர் அணியும் பிறந்த ஊர் அணியும் ஒரே போட்டியில்! அங்கிருந்த தமிழர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட காட்சியாக இருந்திருக்கும்?

ஆனால் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் அதைப் பார்க்கப் போயிருக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கப்பலில் போக ஒரு வாரம், வர ஒரு வாரம். அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும் நாட்கள் தனி. 90 நிமிஷ ஆட்டத்துக்கு மூன்று நாலு வாரம் வேலையை விட்டுவிட்டு, மனைவி மக்களோடு போக சாதாரண மனிதருக்கு வழியே கிடையாது. கடல் தாண்டுவது என்றால் பிழைப்புக்குத்தான். போவது பெரும்பாலும் ஆண்கள். திரும்பும் தேதியைத் தீர்மானித்தது சம்பளமும் ஒப்பந்தமும் கப்பல் அட்டவணையும். கல்யாணத்துக்கு வர முடிந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சாவுச் செய்தி போய்ச் சேர்வதற்குள் இங்கே கருமாதியே முடிந்துவிடும். அந்தக் காலத்தில் கப்பல் தேதிக்குத்தான் குடும்பம் வளைந்து கொடுத்தது.

இந்தக் கணக்கை மாற்றியது விமானம். அதிலும் குறிப்பாகக் குறைந்த கட்டண விமானம். 2008 டிசம்பரில் ஏர் ஏசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. மும்பையையும் டெல்லியையும் விட்டுவிட்டு அந்த நிறுவனம் இந்தியாவில் முதலில் இறங்கியது திருச்சியில் என்பது இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். பழைய கப்பல் வழியின் கூட்டம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது! ஒரு வாரம் நாலு மணி நேரம் ஆனது. 2012ல் திருச்சிக்கு சர்வதேச விமான நிலையம் என்ற தகுதி வந்தது. 2024 ஜனவரியில் புது முனையத்தின் திறப்பு விழா நடந்தது. 2023 டிசம்பர் முதல் மலேசியா போக இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்று ஆனபோது இன்னொரு தடையும் விலகியது.

இப்போது நிலைமை தலைகீழ். முதலில் மேட்ச் தேதி, பிறகுதான் மற்ற எல்லாம். ஆனால் மேட்ச் தேதியை ஏகாதசி மாதிரி நம்பிவிடக் கூடாது. அதற்கு 2009 ஜூலை நல்ல உதாரணம். மான்செஸ்டர் யுனைடெட் அணி ஆசியச் சுற்றுப்பயணம் வந்தது. ஜூலை 18 சனிக்கிழமை கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் மைதானத்தில் ஒரு ஆட்டம், ஜூலை 20 திங்கட்கிழமை ஜகார்த்தாவில் ஒரு ஆட்டம் என்பது திட்டம். ஜூலை 17 அன்று ஜகார்த்தாவில் இரண்டு ஹோட்டல்களில் குண்டு வெடித்தது. அணி ஜகார்த்தா போகவே இல்லை. திங்கட்கிழமை ஆட்டமும் கோலாலம்பூரிலேயே நடந்தது. கோலாலம்பூருக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்கு இரண்டு ஆட்டம் கிடைத்தது. ஜகார்த்தாவை நம்பி விமானமும் ஹோட்டலும் போட்டவர்களுக்கு ஒன்றும் இல்லை. குண்டு வெடிப்பு எப்போதோ நடப்பது. ஆனால் டிவி ஒளிபரப்புக்காக ஒரு ஆட்டம் ஒரு நாள் முன்பின் நகர்வது எல்லா லீக்கிலும் சகஜம். அதனால் மேட்ச் நாளுக்கு முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

அடுத்த சிக்கல் இரண்டு காலண்டர்கள். ஐரோப்பிய கிளப் அணிகள் ஆசியாவுக்கு வருவது ஜூலையில். அவர்களுக்கு அது கோடை விடுமுறை. இங்கே பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், ஆடி பிறக்கும் நேரம் வேறு. நமக்குப் பெரிய லீவு ஏப்ரல் கடைசியும் மே மாதமும். அப்போது அவர்கள் லீக்கின் கடைசி ஆட்டங்களில் மும்முரமாக இருப்பார்கள். அரையாண்டு லீவில் போகலாம் என்றால் மார்கழி. ஸ்ரீரங்கத்து வீட்டுப் பெரியவர்களை அந்த மாதத்தில் கிளப்பவே முடியாது!

ஆனால் முடியாதது இல்லை. கத்தாரில் நடந்த உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் 2022 டிசம்பர் 18, மார்கழி பிறந்த சில நாட்களில். ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறந்தது 2023 ஜனவரி 2. இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவரும் பகல் பத்து தொடங்குவதற்குள் வீடு சேர்ந்திருக்கலாம். அந்த உலகக் கோப்பையில் வழக்கமான வரிசையே மாறியது. சாதாரணமாக விசா வாங்கிவிட்டு மற்றதைப் பார்ப்போம். கத்தாரிலோ முதல் சுற்று ஆட்டங்கள் நடந்த நாட்களில் வெளியூர் ரசிகர் உள்ளே போக மேட்ச் டிக்கெட்டும் 'ஹய்யா' அட்டையும் வேண்டும்.

செலவையும் பார்க்க வேண்டும். பலரும் மேட்ச் டிக்கெட் விலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். குடும்பப் பயணத்தில் அது சின்ன எண். விமானம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் நாலு பேர் என்றால் நாலால் பெருக்க வேண்டும். அதனால் ஆட்டத்தில் ஆர்வம் இல்லாதவருக்கும் பயணத்தில் ஏதாவது இருந்தால்தான் அந்தச் செலவுக்கு நியாயம். கோலாலம்பூர் இந்த விஷயத்தில் வசதியான ஊர். பத்துமலையில் 2006ல் எழுந்த 140 அடி முருகன் சிலை இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கும். புக்கிட் ஜாலிலுக்கு வாசல் வரை ரயில் போகிறது. நேரம் மட்டும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரவு ஆட்டம் முடிந்து கூட்டத்தோடு வெளியே வரும்போது சின்னப் பிள்ளைகள் தோளில் தூங்கிவிடும், அவ்வளவுதான்.

அதே புக்கிட் ஜாலிலில்தான் 2023 அக்டோபர் 13 அன்று மெர்டேக்கா போட்டியின் அரையிறுதியில் இந்தியாவும் மலேசியாவும் மோதின. மலேசியா 4-2 என்று ஜெயித்தது. 1959ல் திருச்சிக் குடும்பம் கனவிலும் நினைக்க முடியாத பயணம், இந்த ஆட்டத்துக்கு ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் விஷயம்.

குடும்பத்தோடு முதல் முறையாக வெளிநாட்டு மேட்ச் பார்க்கப் போவதை வெறும் உல்லாசச் செலவு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த வழியில் நூறு வருஷமாக ஒருவர் போனார், மற்றவர்கள் நாகப்பட்டினத்திலோ சென்னைத் துறைமுகத்திலோ கையசைத்துவிட்டுத் திரும்பினார்கள். அவர் அங்கே என்ன பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை எந்த மைதானத்தில் நின்று யாருக்காகக் கத்தினார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாமலே போனது. இப்போது எல்லோரும் சேர்ந்து போக முடிகிறது.

எனவே திட்டம் போடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். டிக்கெட் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டி வந்தால் வழக்கமாக முதலில் வெட்டப்படுவது பாட்டி, அம்மா, அத்தை பெயர்கள்தான். "அவங்களுக்கு ஃபுட்பால் என்ன புரியும்?" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அன்று துறைமுகத்திலிருந்து திரும்பியதும் அவர்கள்தான். இந்த முறையாவது அவர்களுக்கு முதலில் பாஸ்போர்ட் எடுங்கள். ஆஃப்சைடு என்றால் என்னவென்று விமானத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம், நாலு மணி நேரம் இருக்கிறது!