நான்கு மீட்டர் போட்ட எல்லை

காஞ்சிபுரம் மாவட்டத்து மாகறலில் இன்று இரண்டு சிறிய எஸ்யூவிகளை ஒப்பிடுபவர் மைலேஜையும் விலையையும் பார்க்கிறார்; அந்த ஒப்பீட்டுக்கே எல்லை போட்டது 2006 மத்திய பட்ஜெட். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறு எஞ்சின் கார்களுக்குக் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. 2013இல் மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். 2019இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாய் வென்யூ 3,995. இரண்டு ஊர்களும் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம்தான். குறுகலான தெருக்களுக்காகவே வண்டிகள் குட்டையாயின என்று வாதிடலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைக்கும் கணக்கு தெருவுக்குத் தேவையில்லை, வரிக்குத்தான் தேவை.

வரி இந்த இரண்டு வண்டிகளையும் ஒரே அளவில் நிறுத்திய பிறகு, வித்தியாசம் நிறுவனத்தின் ஆயுளில்தான். 2021இல் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று உறுதியளித்தது உண்மையே. ஆனாலும் பத்தாண்டு ஓட்டப்போகிறவர் வண்டியோடு ஆலையின் எதிர்காலத்தையும் ஒப்பிடுவதே விவேகம்.