காட்டப்பட்ட கைச்சீட்டுகளின் வரலாறு

1988ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸ் நகரின் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதி. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்கு 167 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி அமர்ந்தனர். இறுதியில் எஞ்சியவர்கள் இருவர்: முந்தைய ஆண்டின் வெற்றியாளர் ஜானி சான், அவருக்கு எதிரே எரிக் சைடல். சானின் கையில் ஜாக்கும் 9ஆம். சைடலின் கையில் ராணியும் 7ஆம். மேசைமீது முதலில் விரிக்கப்பட்ட மூன்று பொதுச்சீட்டுகள் ராணி, 10, 8. எட்டிலிருந்து ராணி வரையிலான தொடர் சானுக்கு அப்போதே அமைந்துவிட்டது. அந்த நிலையில் அதை வெல்லக்கூடிய கைச்சீட்டு வேறு எதுவும் இல்லை. சான் அதை வெளிக்காட்டவில்லை. நான்காம் சீட்டு விழுந்தபோது பந்தயம் கட்டாமலே விட்டார். ஐந்தாம் சீட்டில், தன் ராணி இணையை நம்பிய சைடல் தம்மிடம் மிஞ்சிய சில்லுகள் அனைத்தையும் நடுவே தள்ளினார். சான் ஈடு வைத்து வென்றார். பரிசு 7,00,000 டாலர்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1998இல் வந்த ‘ரவுண்டர்ஸ்’ திரைப்படம் அந்த ஆட்டத்தின் பதிவை மீண்டும் மீண்டும் காட்டியது. சானே அதில் தோன்றினார். ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் அதிலிருந்து கற்ற பாடம் எளிமையானது: வலுவான கைச்சீட்டு வந்தால் மௌனமாயிரு, எதிராளி தானே வந்து விழுவான். ஒரு நிகழ்வு எவ்வாறு விதியாக மாறுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அந்த விதி சரியானதுதானா என்பதே இங்கு நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

முதலில் சான்றுகளின் இயல்பைப் பார்க்க வேண்டும். போக்கரில் எதிராளி விலகிக்கொண்டால், வென்றவர் தம் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே நம் கண்ணில் படுவது பெரும்பாலும் இறுதிவரை சென்று திறந்து காட்டப்பட்ட கைச்சீட்டுகளே. மறைத்து ஆடி, எதிராளியும் பந்தயம் கட்டாமல் இருந்துவிட, சிறு தொகையோடு முடிந்துபோன ஆட்டங்களை எவரும் நினைவில் வைப்பதில்லை; எவரும் படமெடுப்பதுமில்லை. மறைவான சீட்டுகளைப் பார்வையாளருக்குக் காட்டும் கேமரா தொலைக்காட்சிக்கு வந்ததே 1999இல், பிரிட்டனின் ‘லேட் நைட் போக்கர்’ நிகழ்ச்சியில்தான். மௌனம் வென்ற தருணங்கள் ஆவணமாயின. மௌனம் இழந்தவை ஆவணமாகவில்லை. கல்வெட்டுகளை வாசிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று: வென்றவனின் மெய்க்கீர்த்தி கிடைக்கிறது, நிகழாத போருக்குக் கல்வெட்டு இல்லை.

ஆவணம் சொல்லாததைக் கணக்கு சொல்கிறது. வரம்பற்ற ஆட்டத்தில் நடுவில் 100 இருப்பதாகக் கொள்வோம். மூன்று சுற்றுகளிலும் நடுவில் உள்ள தொகைக்குச் சமமாகக் கட்டி, எதிராளி ஒவ்வொரு முறையும் ஈடு வைத்தால், நடுத்தொகை 300, 900, 2,700 என வளரும். எதிராளியிடமிருந்து கிடைப்பது 1,300. ஒரே ஒரு சுற்றில் மௌனமாயிருந்துவிட்டால் நடுத்தொகை 900இல் நின்றுவிடும். எதிராளியிடமிருந்து கிடைப்பது 400 மட்டுமே. ஒரு சுற்று மௌனத்தின் விலை 900.

வரம்புள்ள ஆட்டத்தில் நிலைமை வேறு. அங்கு ஒவ்வொரு சுற்றின் பந்தய அளவும் முன்பே நிர்ணயிக்கப்பட்டது. ஒரு சுற்றை விட்டால் போவது ஒரு பந்தயம் மட்டுமே. 2003க்கு முன்னர் அமெரிக்கச் சூதாட்டக் கூடங்களின் அன்றாட மேசைகளில் பெரிதும் ஆடப்பட்டது இந்த ஆட்டமே. அங்கே மலிவாக இருந்த மௌனம், வரம்பு நீங்கிய மேசையில் விலை உயர்ந்ததாகிவிட்டது. ஆட்டம் மாறியபோது பழைய பழக்கம் உடன்மாறவில்லை என்பதே என் கருத்து.

டெக்சாஸ் மாநிலத்தின் ஊர் ஊராகச் சென்று நேருக்குநேர் ஆடிய பழைய ஆட்டக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளிலும் முதன்மைப் போட்டியை வென்ற டாய்ல் பிரன்சன், 1978இல் தாமே ஒரு நூலை வெளியிட்டார். பின்னர் அது ‘சூப்பர்/சிஸ்டம்’ என்னும் பெயரால் அறியப்பட்டது. அதில் அவர் வற்புறுத்தியது தாக்கி ஆடும் முறையை. வெறுங்கையோடும் ஓயாமல் பந்தயம் கட்டுபவரிடம் ஒருநாள் உண்மையிலேயே வலுவான சீட்டு இருக்கும்போது, எதிராளிக்கு வேறுபாடு தெரிவதில்லை, பணம் கொடுக்கிறார்.

கணிதம் இதை முன்பே கண்டிருந்தது. ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கருக்குத் தனிப்பகுதி உண்டு. பொய்ப்பந்தயத்துக்கு அவர்கள் இரு நோக்கங்களைக் காட்டினர்: மெலிந்த நிலையில் வலிமை இருப்பதாகத் தோற்றுவிப்பது ஒன்று; வலிய நிலையில் மெலிவு இருப்பதாகத் தோற்றுவிப்பது மற்றொன்று. இரண்டாவதையே நாம் மறந்துவிடுகிறோம். பொய்ப்பந்தயம் சில வேளைகளில் பிடிபடத்தான் வேண்டும். அப்போதுதான் மெய்யான பந்தயத்தை எதிராளி ஐயத்தோடு பார்த்து ஈடு வைப்பார். ஒரு கூற்றின் பொருள் அதே வாயிலிருந்து முன்பு வந்த கூற்றுகளையும் சார்ந்தது என்று மொழியியலில் படிக்கிறோம். பந்தயமும் அத்தகைய கூற்றே.

இந்தப் பின்னணியில் சானின் மௌனத்தை மீண்டும் வாசிக்கலாம். எதிராளிகளை விரைந்து வெளியேற்றுபவர் என்பதால் அவருக்கு ‘ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ என்றொரு பட்டப்பெயர் இருந்தது. தாக்கியே பழகிய ஒருவரின் மௌனம் மெலிவாகத் தோன்றுவது இயல்பு. மேலும், சைடலிடம் எஞ்சிய சில்லுகள் இறுதிச் சுற்றின் ஒரே பந்தயத்தில் அடங்கிவிட்டன. விட்ட சுற்றால் சானுக்கு இழப்பில்லை. ஆகவே அந்த மௌனம் விதி அன்று, விலக்கு. நெடுநாள் ஆரவாரம் ஈட்டித்தந்த மதிப்பை ஒருமுறை செலவழித்த செயல் அது.

அடுத்த ஆண்டும் சான் இறுதி இருவரில் ஒருவராக அமர்ந்தார். எதிரே பில் ஹெல்முத். ஹெல்முத்திடம் இரு ஒன்பதுகள். சானிடம் ஏஸும் 7ஆம். இம்முறை எவரும் மௌனம் காக்கவில்லை. பொதுச்சீட்டு ஒன்றுகூட விரியும் முன்பே சில்லுகள் நடுவே சென்றுவிட்டன. ஹெல்முத் தம் வலிமையை வெளிப்படையாகவே கட்டினார். சான் அதற்குப் பணம் கொடுத்தார். வென்றவரின் வயது 24 என்பது பேசப்பட்ட அளவுக்கு, அந்தக் கை ஆடப்பட்ட முறை பேசப்படவில்லை.