நீலகிரிப் பச்சைத் தேயிலை

நீலகிரி மலையின் உயரமான தோட்டங்களில் விளைந்து, புளிக்கவைக்காமல் பதப்படுத்தப்படும் தேயிலை. பூர்வீகம் சீனம். 1835-இல் கேத்தி சோதனைப் பண்ணையில் சீனச் செடிகள் நடப்பட்டன. வணிகச் சாகுபடி 1850-களுக்குப் பின்னரே வேரூன்றியது. நடுவட்டத்தில் அடைக்கப்பட்டிருந்த சீனக் கைதிகளே தேயிலைத் தொழிலைக் கற்றுத்தந்தார்கள் என்று மலையில் சொல்வதுண்டு. கைதிகள் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் கொயினா மருந்து தரும் சிங்கோனாத் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் என்பதைக் கதை சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பச்சையா கறுப்பா என்பதைச் செடி தீர்மானிப்பதில்லை, சூடே தீர்மானிக்கிறது. பறித்த கொழுந்திலுள்ள நொதி காற்றுடன் வினைபுரிந்து இலையைக் கறுக்கவைக்கும். பச்சைத் தேயிலைக்கு அதற்கு முன்பே நொதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். சீனர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வாட்டுவார்கள். ஜப்பானியர் ஆவியில் வேகவைப்பார்கள். பின்னர் சுருட்டி உலர்த்துவார்கள். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் கூடும். பனி கடுமையானால் செடியே கருகிவிடும்.

மேல்சித்தாமூர் போன்ற சமவெளி ஊர்களின் டீக்கடைகளில் பாலோடு கொதிப்பது சி.டி.சி. எனும் கறுப்புத் தேயிலைத் தூள்; பச்சைத் தேயிலையைப் பாலில் கொதிக்கவைப்பது வீண். கொதிநீரைச் சற்று ஆறவிட்டு, சுமார் 80 பாகை செல்சியஸில், இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்தால் போதும். அதற்கு மேல் ஊறினால் கசக்கும்.