பண்ணும் பல்கலைக் கழகமும்

கோயிலைக் கல்லாலும் நூலை ஏட்டாலும் காக்கலாம். பண்ணை மிடற்றாலன்றிக் காத்தல் அரிது. ஆதலின், இசை மரபைப் பேணக் கருதி ஒரு நிறுவனம் பொருளிடுங்கால், அப்பொருள் எதன்பாற் செல்லுதல் வேண்டும் என்னும் வினா எழுகின்றது. தில்லையை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் இசைப்பணி வரலாறு இவ்வினாவிற்குத் தக்கதொரு விடை தருகின்றது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

ஏடும் மிடறும்

தேவார ஏடுகள் தில்லையிற் கண்டெடுக்கப்பெற்ற செய்தியை, உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறும். கறையான் அரித்தவை போக எஞ்சிய ஏடுகளை நம்பியாண்டார் நம்பி தொகுத்தனர். பாடல் கிடைத்தது, பண் கிடைத்திலது. திருவெருக்கத்தம்புலியூரில் வாழ்ந்த, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டே பண்ணடைவு வகுக்கப்பெற்றது என்பது அப்புராணச் செய்தி. இதனை முழு வரலாறாகக் கொள்ளாதாரும், இதன்கண் பொதிந்த உண்மையை மறுத்தல் இயலாது. எழுத்து ஏட்டில் தங்கியது. இசை ஒரு குடியின் நினைவில் தங்கியது. அக்குடி அற்றிருப்பின் பண்ணும் அற்றிருக்கும்.

தஞ்சைக் கல்வெட்டுத் தரும் சான்று

இவ்வுண்மையை நன்குணர்ந்தவன் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் பாடுதற்கு 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும், ஆக 50 பேரை அவன் அமர்த்தினான். ஒருவருக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கப்பெற்றது. பன்னிரு குறுணி ஒரு கலமாதலின், இசைக்கெனக் கோயிற் பண்டாரம் ஒரு நாளைக்கு அளந்த நெல் பன்னிரண்டரைக் கலமாகும்.

நெல்லின் அளவினும் சிறந்தது அக்கல்வெட்டின் மற்றொரு விதி. பாடுவார் இறந்துபடின் அல்லது வேற்றூர் செல்லின், அவர்க்கு அணுக்கராகிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுதல் வேண்டும். அவர் தகுதியற்றவராயின், தகுதியுடையார் பிறரைத் தேர்ந்து அமர்த்துதல் வேண்டும். அரசன் பொருளிட்டது பாடுவார்க்கு மட்டுமன்று. பாட்டின் தொடர்ச்சிக்கும் ஆகும். குடிவழியை முதற்கண் வைத்து, தகுதியை அதற்கும் மேலாக வைத்த இம்முறை நோக்கற்பாலது.

பல்கலைக் கழகம் ஏற்ற பணி

சிதம்பரத்தில் 1920-இல் மீனாட்சி கல்லூரியை நிறுவிய அண்ணாமலைச் செட்டியார், தாம் தோற்றுவித்த நிறுவனங்களோடு 20 இலட்சம் ரூபாயும் அளித்ததன் பயனாக, 1929-இல் பல்கலைக் கழகம் உருவாயிற்று. அவ்வாண்டிலேயே இசைக் கல்லூரியும் தோன்றிப் பின்னர்ப் பல்கலைக் கழகத்தோடு இணைந்தது. இசையைப் பட்டம் பெறுதற்குரிய துறையாக ஏற்கப் பலரும் தயங்கிய காலம் அது என்பதை நினைதல் வேண்டும்.

இக்கல்லூரியின் உண்மையான செல்வம் ஆசிரியர்களே. மகாவைத்தியநாத ஐயரின் மாணாக்கர் மரபினராகிய சபேசையரும், அவருக்குப் பின் டைகர் வரதாசாரியாரும் தலைமை பூண்டனர். தஞ்சை நால்வர் வழித்தோன்றலாகிய பொன்னையா பிள்ளை ஆசிரியராயினார். பிற்காலத்தே, தேவாரப் பயிற்சியிற் சிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர் இசைத்துறைக்குத் தலைவரானார். கோயிலையும் அரசவையையும் சார்ந்து வாழ்ந்த இசைக்குடியினர் சிலர் ஈண்டு மாதச் சம்பளம் பெறும் பேராசிரியராயினர். குடிவழியாக இறங்கிய கல்வி, விண்ணப்பித்த மாணவர்க்கும் உரியதாயிற்று. தஞ்சைக் கல்வெட்டில் உறவினர்க்கு அடுத்து நின்ற தகுதி, ஈண்டு முதலிடம் பெற்றது எனலாம்.

பாடமும் மொழியும்

எனினும், கட்டடமும் ஆசிரியரும் அமைந்த பின்னும் ஒரு குறை நின்றது. அக்கால அரங்குகளில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே மிகுந்திருந்தன. தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியிற் பாடப்பெறும் சிறு துக்கடாக்களாகவே ஒதுங்கின. பாடத்திட்டமும் அந்நிலையைத் தழுவியே அமைந்தது. தமிழ்ப் பாடல்கள் இல்லாமையன்று இதற்குக் காரணம். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோர் பாடல்கள் இருந்தன. ஆயின், அவற்றுட் பலவற்றின் பழைய மெட்டு மறைந்தது. கற்பித்தற்கேற்ற சுரக்குறிப்பும் அமையவில்லை. தேவாரத்திற்கு அன்று நேர்ந்ததே கீர்த்தனைக்கும் நேர்ந்தது.

இக்குறையை நீக்க 1940-இல் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாடல்களை வளர்த்தற்கெனப் பல்கலைக் கழகத்திற்கு ரூ. 10,000 வழங்கினார். 1941 ஆகஸ்டு திங்களில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. இசைப் பள்ளிகளிலும் அரங்குகளிலும் வானொலியிலும் தமிழ்ப் பாடல்கள் மிகுதல் வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். இசைக்கு மொழி தடையாதல் கூடாது என்பார் எதிர்த்தனர்; பொருளுணர்ந்து பாடாத இசை மக்களைச் சாராது என்பார் மறுத்தனர். இப்பூசலின் விளைவாக 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. பூசல் ஓய்ந்த பின்னும் நிலைத்தவை, பல்கலைக் கழகம் சுரக்குறிப்புடன் வெளியிட்ட தமிழிசைப் பாடல் தொகுதிகளே. 1931 முதல் 1933 வரை இங்குத் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலாநந்த அடிகள், 1947-இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக யாழ்நூலை வெளியிட்டமையும் உடன் எண்ணத்தக்கது.

சுரக்குறிப்பின் எல்லை

சுரக்குறிப்பு மெட்டைக் காக்கும். ஆயினும் கமகத்தின் நுட்பத்தையும் மூச்சின் அளவையும் முற்றக் காவாது. காந்தார பஞ்சமத்தைக் கேதாரகௌளை என்றும், சீகாமரத்தை நாதநாமக்கிரியை என்றும் நாம் கொள்வது ஓதுவார் வழக்கைப் பற்றியே. தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திய பண் ஆராய்ச்சி மாநாடுகளிலும் ஓதுவார் பாடிக் காட்டியவையே ஆய்வுக்குச் சான்றுகளாயின. ஆகவே, அச்சிட்ட தொகுதி ஆசிரியர்க்குத் துணையேயன்றி, ஆசிரியர்க்கு மாற்று ஆகாது.

முடிபு

மேற்கூறியவற்றால் புலனாவது இது. இசைக்கு இடும் பொருள் மூன்றன்பாற் செல்லுதல் வேண்டும்: பாடுவார், பாடல், தொடர்ச்சி. தஞ்சை அரசன் நெல்லால் இம்மூன்றையும் காத்தான். அண்ணாமலைப் பல்கலைக் கழகம் முதலில் ஆசிரியரையும், பதினோராண்டு கடந்து பாடலையும் காக்க முற்பட்டது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் ஆட்சி அரசின்பாற் சென்றமையின், தொடர்ச்சியைக் காக்கும் கடன் இன்று பொதுமக்களின் பொருளைச் சார்ந்ததாகின்றது. அரங்கம் பழுதுறின் மீண்டும் எடுக்கலாம். ஓர் ஆசிரியர் ஓய்வுற்று, அவர்தம் இருக்கை ஒரு தலைமுறை வறிதே கிடப்பின், அவர் அறிந்த பாடம் மீளாது. எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணைப் போன்றார் ஒருவர் எஞ்சியிருப்பார் என்று எக்காலத்தும் நம்பியிருத்தல் இயலாது.